மின்சாரக் கம்ப வியாபாரம்

தெரு ஓரத்தில் நிற்கும் மின்சாரக் கம்பத்தை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நிற்கும்வரை அதைப் பற்றிப் பேச்சில்லை. விழுந்த பிறகுதான் அதன் அருமை ஜனங்களுக்குத் தெரிகிறது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, பொழுது விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் அந்த அருமையைக் காவிரிக் கடைமடை ஜனங்களுக்குக் கண்ணீரோடு கற்பித்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கம்பங்கள் அப்புயலில் சேதமுற்றன. தென்னைகள் வீழ்ந்ததைத் தேசம் முழுவதும் பேசிற்று, பேச வேண்டியதே. கம்பங்கள் வீழ்ந்ததை மட்டும் காற்றின் கணக்கில் எழுதி மூடிவிட்டோம். அவை எப்படிப்பட்ட கம்பங்கள், யார் செய்தவை, யார் வாங்கியவை, எந்தப் பரீட்சையில் தேறியவை என்ற கேள்விகளை நாம் கேட்கவில்லை. அவற்றைக் கேட்காமல் விட்டால் அடுத்த புயலிலும் இதே கதைதான் நடக்கும்.

அன்று நடந்ததைச் சற்று நினைவு கூர்வோம். விளக்கு எரியாதது பெரிய கஷ்டமன்று. நம் கிராமவாசிகள் இருட்டுக்குப் பழகியவர்களே. ஆனால் இன்று கிராமத்துக் குடிநீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிறது. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது மின்சார மோட்டார். கம்பம் சாய்ந்ததும் குடிதண்ணீரும் நின்றது. டீசல் இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்து மோட்டாரை ஓட்டிய ஊர்கள் பல. மற்ற ஜில்லாக்களிலிருந்தும் அண்டை ராஜ்யங்களிலிருந்தும் வந்த மின்சாரத் தொழிலாளர்கள், வண்டி போக முடியாத சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து சென்று நட்டார்கள். அவர்களுடைய உழைப்பை ஜனங்கள் போற்றினார்கள். அந்தப் புகழ்ச்சியில் நாமும் கலந்துகொள்கிறோம். ஆனால் தொழிலாளியின் தியாகத்தைப் புகழ்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அவன் தோள் சுமந்த கம்பம் அடுத்த காற்றுக்கு நிற்குமா என்று கேட்பதும் நம் கடமையாகும்.

இந்தியாவில் கம்பத்தின் சரித்திரம் அந்நிய ஆட்சியின் சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே தந்தி மார்க்கம் தொடங்கப்பட்டது. சில வருஷங்களுக்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களைத் தந்தி இணைத்தது. 1857-ஆம் வருஷத்துப் புரட்சிக்காரர்கள் தந்தி மார்க்கங்களைத் தேடித் தேடி அழித்தார்கள். 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம், பிறர் நிலத்திலும் கம்பம் நாட்டும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளித்தது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்திலும் தேசமெங்கும் தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன. ஆட்சி எதன்மேல் நிற்கிறது என்பதை ஜனங்கள் தெரிந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

மின்சாரக் கம்பம் வந்த வழி வேறு. 1932-இல் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீர்வீழ்ச்சியின் சக்தி மின்சாரமாயிற்று. 1948-ஆம் வருஷத்து மின்சார விநியோகச் சட்டத்தின்படி 1957-இல் சென்னை ராஜ்யத்தில் மின்சார வாரியம் ஏற்பட்டது. ஆட்சியாளருக்குச் செய்தி கொண்டுபோன கம்பத்தின் காலம் மாறி, குடியானவனின் கிணற்றுக்குச் சக்தி கொண்டுபோகும் கம்பத்தின் காலம் பிறந்தது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் வயல்வெளியில் வரிசையாய் நிற்கும் சில கம்பங்களை நம்பியே இருக்கின்றன. முற்காலத்தில் கம்பம் வீழ்ந்தால் கலெக்டர் கச்சேரி கவலைப்பட்டது. இப்போது கம்பம் வீழ்ந்தால் பயிர் வாடுகிறது. ஆகவே கம்பம் இன்று ஜனங்களுடைய சொத்து. சொத்துக்கு உடையவன் அதன் தரத்தையும் விலையையும் விசாரிக்க உரிமையுள்ளவன் அல்லவா?

கம்பத்தை எதனால் செய்வது என்பதில் ஒவ்வொரு தேசமும் தன் நிலத்துக்கு ஏற்ற வழியைக் கண்டிருக்கிறது. அமெரிக்காவில் மோர்ஸ் என்பவர் 1843-இல் தந்திக் கம்பியைப் பூமிக்குள் புதைக்கப் பார்த்துத் தோற்று, 1844-இல் மரக்கம்பங்களை நட்டே வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே செய்தி அனுப்பினார். ஊசியிலைக் காடுகள் மிகுந்த அத்தேசம் இன்றுவரை பெரும்பாலும் மரக்கம்பத்தையே நம்பியிருக்கிறது. மரம் உளுக்காமல் இருக்க ஊட்டும் மருந்தே அங்கு ஒரு தொல்லையாயிற்று. பென்டாகுளோரோபீனால் என்ற விஷ மருந்தை 2015-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தடை ஜாபிதாவில் சேர்த்தபோது, கம்பங்களுக்கும் அவற்றின் குறுக்குச் சட்டங்களுக்கும் மட்டும் விலக்கு அளிக்க வேண்டியிருந்தது. 2022-இல் அமெரிக்கச் சர்க்காரும் அதைப் படிப்படியாய் ஒழிக்கத் தீர்மானித்தனர். நம் நாட்டிலும் மருந்தூட்டிய மரக்கம்பங்கள், இரும்புக் குழாய்க் கம்பங்கள், ரயில்வேயில் தேய்ந்த தண்டவாளங்கள் எல்லாம் கம்பமாக நின்றதுண்டு. மரத்தைக் கறையான் அரித்தது; இரும்பைக் கடற்காற்று தின்றது; காடும் குறைந்தது, இரும்பின் விலையும் ஏறிற்று. எனவே சிமெண்டும் ஜல்லியும் மணலும் இழுவைக் கம்பியும் சேர்ந்த கான்க்ரீட் கம்பத்தின் பக்கம் தேசம் திரும்பிற்று. அது சரியான தேர்வே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அது கறையானுக்கு அஞ்சாது; தீக்கு எளிதில் இரையாகாது; அதன் கச்சாப் பொருள்கள் பெரும்பாலும் அந்தந்த ஜில்லாவிலேயே கிடைப்பவை.

ஆனால் கான்க்ரீட் கம்பத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. நல்ல கம்பமும் கெட்ட கம்பமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இந்த வியாபாரத்தின் நோய் முழுவதும் இந்த ஒரு குணத்திலிருந்தே பிறக்கிறது. ஆகவே கம்பம் வார்க்கும் முறையை வாசகர்கள் தெரிந்துகொள்வது அவசியம். சுமார் 4 மில்லிமீட்டர் கனமுள்ள உறுதியான எஃகுக் கம்பிகளை நீண்ட அச்சுப் பெட்டிக்குள் இரு முனைகளுக்கும் இடையே வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டுகிறார்கள். அவற்றைச் சுற்றிக் கான்க்ரீட்டைக் கொட்டி, அதிர்வு இயந்திரத்தால் காற்றுக் குமிழி போக இறுக்குகிறார்கள். கான்க்ரீட் குறித்த பலத்தை அடைந்த பிறகே முனையில் கம்பியை வெட்டிவிட வேண்டும். வெட்டிய மாத்திரத்தில் இழுபட்ட எஃகு சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்கம் கான்க்ரீட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. காற்று வந்து கம்பத்தை வளைக்கும்போது, இந்தப் பிடிதான் அதை வெடிக்காமல் காக்கிறது. பின்னும் பல நாட்கள் கம்பத்துக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் வஞ்சனைக்கு எத்தனை வாசல்கள் என்று பாருங்கள்! ஒரு கம்பியைக் குறைக்கலாம். சிமெண்டைக் குறைக்கலாம். உப்புக் கலந்த மணலையோ தண்ணீரையோ சேர்க்கலாம். நாளைக்கு வெட்ட வேண்டிய கம்பியை அச்சுப் பெட்டி சீக்கிரம் காலியாக வேண்டுமென்று இன்றைக்கே வெட்டலாம். தண்ணீர் காட்டும் நாட்களைச் சுருக்கலாம். இவற்றில் எதைச் செய்தாலும் கம்பம் நட்ட அன்று விழாது. அடுத்த வருஷமும் விழாது. உள்ளே உப்பு பட்ட கம்பி மெல்லத் துருவேறிப் பருக்கும். மேலே மயிரிழைபோல் விரிசல் ஓடும். ஒரு பெருங்காற்றில் கம்பம் அடியில் முறியும். அப்போது அதைச் செய்தவர் பில் தொகையை வாங்கிப் பல வருஷங்கள் ஆகியிருக்கும்; வாங்கிய உத்தியோகஸ்தரும் மாற்றலாகியிருப்பார். பழி முழுவதும் வாயு பகவான் தலையில் விழும்.

இதற்குப் பரிகாரம் இல்லையா? உண்டு; அதுவும் பழையது. கான்க்ரீட் கம்பங்களுக்கு ஐ.எஸ். 1678 என்ற இந்தியத் தர நிர்ணயமும், அவற்றைச் சோதிக்கும் முறைக்கு ஐ.எஸ். 2905 என்ற நிர்ணயமும் இருக்கின்றன. சோதனை எளியது. கம்பத்தைப் படுக்கவைத்து, பூமிக்குள் போகும் அடிப்பாகத்தை அசையாமல் பிடித்து, உச்சியிலிருந்து 60 சென்டிமீட்டர் கீழே கயிற்றைக் கட்டி இழுக்க வேண்டும். எந்த இழுப்பில் விரிசல் காண்கிறது, இழுப்பை விட்டதும் விரிசல் மூடுகிறதா, எந்த இழுப்பில் முறிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வார்த்த தொகுதியிலிருந்து சிலவற்றை எடுத்து இவ்வாறு முறித்துப் பார்த்தால் மிச்சக் கம்பங்களின் யோக்கியதை தெரிந்துவிடும். பெரிய விஞ்ஞான சாலை வேண்டாம். பளுவளக்கும் கருவி ஒன்றும், நாணயமுள்ள ஓர் இன்ஜினீயரும் போதும். இரண்டில் முதலாவதை விலைக்கு வாங்கலாம். இரண்டாவதை விலைக்கு வாங்க முடியாது என்ற நம்பிக்கை ஜனங்களுக்கு ஏற்பட வேண்டும்.

இனி வியாபாரத்தின் அமைப்பைக் கவனிப்போம். சாதாரணச் சந்தையில் விற்போரும் பலர், வாங்குவோரும் பலர். மின்சாரக் கம்பச் சந்தையிலோ விற்போர் பலர்; வாங்குவோர் ஏறக்குறைய ஒருவரே. ஒரு ராஜ்யத்தில் மின் விநியோகம் செய்யும் கழகம் வாங்காவிட்டால், வார்த்த கம்பத்தை வேறு யாரிடம் விற்பது? வீட்டுக்குத் தூணாகவும் வைக்க முடியாது. கம்பம் பளுவான சரக்காதலால் வெகு தூரம் கொண்டுபோய் விற்கவும் கட்டாது. வண்டிக் கூலியே லாபத்தை விழுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு ஜில்லாவிலும் சிறு முதலாளிகள் களம் அமைத்து, ஒரே வாங்குவோரின் வாசலில் காத்து நிற்கிறார்கள். விலையை நிர்ணயிப்பது வாங்குபவர். தவணையை நிர்ணயிப்பது வாங்குபவர். பணம் கொடுக்கும் நாளை நிர்ணயிப்பதும் வாங்குபவரே.

இந்தக் கடைசி அதிகாரமே எல்லாவற்றிலும் கொடியது. விநியோகக் கழகங்களின் கடன் சுமை தேசமறிந்தது. அதைக் குறைக்க மத்திய சர்க்கார் கொண்டுவந்த உதய் திட்டத்தில் 2017-இல் தமிழ்நாடும் சேர்ந்தது. கடனில் மூழ்கியவன் முதலில் நிறுத்திவைப்பது சிறியவனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைத்தான். சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கியவர்கள் 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் பாங்கி வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. ஆனால் தன்னுடைய ஒரே வாடிக்கைக்காரர்மீது வட்டிக்கு வழக்குத் தொடுத்து, அடுத்த டெண்டரை இழக்க எந்த வியாபாரி துணிவார்? சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது. பணம் எப்போது வருமென்று தெரியாதவர், அந்தக் காலத்துக்கு ஆகும் வட்டியையும் சேர்த்து விலை சொல்ல வேண்டும். அல்லது குறைந்த விலை சொல்லிச் சிமெண்டில் பிடிக்க வேண்டும். அதிக விலை சொன்னவருக்கு டெண்டர் கிடைக்காது. ஆகவே யோக்கியர் விலகுகிறார்; மற்றவர் நிற்கிறார். கம்பம் செய்பவரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவரை அந்த நிலைக்குத் தள்ளுபவரின் பங்கையும் சொல்லியே ஆகவேண்டும்.

"சட்டப்படி குறைந்த விலைக்கே வாங்க வேண்டியிருக்கிறது, நாங்கள் என்ன செய்வது?" என்று உத்தியோகஸ்தர்கள் கேட்பதுண்டு. 1998-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைச் சட்டம் நல்ல சட்டம். வேண்டியவருக்கு வேண்டிய விலையில் கொடுக்கும் வழக்கத்தைத் தடுக்க வந்தது. ஆனால் தரம் கெட்ட பொருளை வாங்கு என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் கம்பம் 3,000 ரூபாய் என்கிறார். மற்றொருவர் 2,700 ரூபாய் என்கிறார். முதலாமவருடைய கம்பம் 40 வருஷம் நிற்கிறது. இரண்டாமவருடையது 20 வருஷத்தில் முறிகிறது. முன்னதற்கு வருஷத்துக்கு 75 ரூபாய் ஆகிறது. பின்னதற்கு 135 ரூபாய். முறிந்ததை அகற்றி வேறு நடும் கூலியும், இடையில் மின்சாரம் நின்றதால் பயிருக்கு வந்த நஷ்டமும், போகக்கூடிய உயிரும் இக்கணக்கில் சேரவில்லை. கம்பம் ஒன்றுக்கு 300 ரூபாய் மிச்சம் என்று எழுதுவது கணக்குப் புஸ்தகத்தில் மட்டுமே மிச்சம். ஆயுட்காலத்தை வைத்து விலையை மதிப்பிடும் முறையை டெண்டர் நிபந்தனையிலேயே சேர்ப்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை, சோம்பல்தான் நிற்கிறது.

புயற் காலத்தில் இந்தச் சந்தை முற்றிலும் தலைகீழாகிவிடுகிறது. ஒரே இரவில் லட்சம் கம்பங்கள் வேண்டும். களத்தில் இருப்பதோ சில ஆயிரம். கான்க்ரீட் முழுப் பலம் பெறுவதற்கு 28 நாட்கள் என்று கணக்கிடுவது வழக்கம். எந்த மந்திரியின் உத்தரவும் அந்த நாட்களைச் சுருக்க முடியாது. ஜனங்கள் மறியல் செய்கிறார்கள். மேலிடம் உத்தரவு மேல் உத்தரவு போடுகிறது. ஈரம் காயாத கம்பமும் லாரி ஏறிவிடக்கூடும். இதற்கு வழி, முன்னதாகவே இருப்பு வைத்துக்கொள்வதுதான். வடகிழக்குப் பருவமழை நேற்று வந்த விருந்தாளியா? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் கிளம்புவது உலகறிந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைத் தாக்கிற்று. 2016 டிசம்பரில் வர்தா சென்னையைத் தாக்கிற்று. 2017 நவம்பரில் ஒக்கி கன்னியாகுமரியைச் சீரழித்தது. மறுவருஷம் கஜா வந்தது. ஒரிஸ்ஸாவில் 2019 மே மாதத்து ஃபானி புயலும் லட்சத்துக்கு மேற்பட்ட கம்பங்களைச் சேதப்படுத்திற்று. பஞ்ச காலத்துக்கு நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்துவைக்கத் தெரிந்த ஜாதி நாம். கடற்கரை ஜில்லாக்கள்தோறும் செப்டம்பர் மாதத்துக்குள் கம்பக் களஞ்சியம் நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகாது.

நியாயமான ஆட்சேபங்களையும் நாம் மறைக்க விரும்பவில்லை. புயலில் கம்பம் விழுவதற்குக் கம்பத்தின் பலவீனம் ஒன்றே காரணமன்று. தென்னை சாய்ந்து கம்பியின்மேல் விழுந்தால் நல்ல கம்பமும் முறியும். கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு பூமிக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 9 மீட்டர்க் கம்பத்துக்கு ஒன்றரை மீட்டர். மழையில் ஊறிக் களியான கடைமடை வயலில் அந்த ஆழமும் போதாமல் கம்பம் முழுசாகவே சாய்வதுண்டு. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை நாம் சொல்வதை மறுக்கவில்லை, வலியுறுத்தவே செய்கின்றன. களிமண் நிலத்தில் அடியில் கான்க்ரீட் இட்டு நடுவதும், மூலைகளில் இழுகம்பி கட்டுவதும், வரிசையில் குறித்த தூரத்துக்கு ஒன்றாகப் பலமான கம்பத்தை நிறுத்தி ஒன்று விழுந்தால் எல்லாம் விழாமல் தடுப்பதும் இன்ஜினீயர்கள் அறியாத ரகசியங்களல்ல. "பூமிக்குள் புதைத்துவிட்டால் தொல்லையே இல்லை" என்பாரும் உளர். 2014-ஆம் வருஷத்து ஹூட்ஹூட் புயலுக்குப் பிறகு விசாகப்பட்டினத்தில் அவ்வழியை மேற்கொண்டார்கள். நெருக்கமான கடற்கரை நகரங்களுக்கு அது ஏற்றதே. ஆனால் அதன் செலவு பல மடங்கு. வயல்வெளிக்கெல்லாம் புதைகம்பி வருமென்று சொல்வது, இன்றைய கம்பத்தைக் கவனியாமல் இருப்பதற்குச் சொல்லும் சாக்காகிவிடக் கூடாது.

கம்பத்தின் பலத்துக்கும் ஓர் உயிருக்கும் உள்ள சம்பந்தத்தை நன்றாக அறிந்தவன் அதன்மேல் ஏறும் தொழிலாளி. ஏணியைச் சாத்தி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, அவன் ஏறும்போது கம்பத்தின் உள்ளே எத்தனை கம்பிகள் இருக்கின்றன என்பது அவனுக்குத் தெரியாது. அவனைவிடக் குறைந்த கூலிக்கு, எவ்விதப் பாதுகாப்புமின்றி, ஒப்பந்தக்காரரின் ஆளாக ஏறுபவன் நிலை இன்னும் பரிதாபம். மத்திய மின்சார ஆணையம் 2010-இலும் மறுபடி 2023-இலும் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டிருக்கிறது. விதிகள் காகிதத்தில் வலுவாகவே இருக்கின்றன. ஆனால் விரிசல் கண்ட கம்பத்தைப் பற்றிக் கிராமத்தார் மனுக் கொடுத்தால், "பட்டியலில் சேர்த்திருக்கிறோம்" என்ற பதில் வருகிறது, கம்பம் வருவதில்லை. சாய்ந்த கம்பத்தின் கீழே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடக்கிறார்கள், மாடு மேய்கிறது. யாராவது செத்தால் அன்று மாலையே புதுக் கம்பம் வந்துவிடும் என்ற கசப்பான பேச்சு நம் கிராமங்களில் வழங்குகிறது. ஒரு சர்க்காருக்கு இதைவிட அவமானம் வேறு வேண்டியதில்லை.

இதோடு கம்பத்தின்மேல் இப்போது வேறு வியாபாரங்களும் தொங்கத் தொடங்கியிருக்கின்றன. தொலைக்காட்சிக் கேபிள், இன்டர்நெட் கேபிள், விளம்பரப் பலகை என்று ஒவ்வொரு நகரத்துக் கம்பமும் சிலந்திக் கூடாகிவிட்டது. அமெரிக்காவில் பிறர் கம்பத்தில் கேபிள் கட்டுவதற்கான வாடகையை நெறிப்படுத்த 1978-லேயே சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் 2022-ஆம் வருஷத்துத் திருத்த விதிகளும் 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டமும் இவ்விஷயத்தைத் தொட்டிருக்கின்றன. அனுமதியோடு கட்டுவதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஒரு தெருவுக்குப் பத்துக் கம்பம் நடுவதைவிட ஒன்றைப் பகிர்ந்துகொள்வது சிக்கனமே. ஆனால் இந்தப் பாரத்தைக் கணக்கிட்டா கம்பத்தை வார்த்தார்கள்? வாடகை வசூலானால் அது கம்பத்தின் பராமரிப்புக்கே செல்ல வேண்டும். அனுமதியின்றித் தொங்கும் கேபிளுக்கு யாரும் சர்க்காருக்கு வாடகை தருவதில்லை. வேறு யாருக்காவது தருகிறார்களா என்பதை அதிகாரிகள் விசாரிப்பது நலம்.

2021-இல் மத்திய சர்க்கார், விநியோகத்தைச் சீர்திருத்த மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் ஒன்றை அறிவித்தனர். புது மீட்டர்களைப் பற்றிய பேச்சே அதில் பெரிதாயிருக்கிறது. மீட்டர் வருமானத்தைக் காட்டுவதால் அதில் எல்லோருக்கும் ஆர்வம். கம்பம் செலவைக் காட்டுவதால் அதில் ஒருவருக்கும் ஆர்வமில்லை. பெரிய வேலைகளை முழுவதுமாக ஒரே கண்ட்ராக்டரிடம் ஒப்படைக்கும் வழக்கம், 2005-ஆம் வருஷத்துக் கிராம மின்சாரத் திட்டத்திலேயே வேரூன்றிற்று. அம்முறையில் கம்பத்தைத் தேர்ந்தெடுப்பவரும் நடுபவரும் அவரே. அதை முறித்துப் பார்ப்பவர் வேறொருவராய் இருக்க வேண்டாமா?

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலாவது, கம்பத் தொகுதி ஒவ்வொன்றையும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சம்பந்தமில்லாத இன்ஜினீயரிங் கல்லூரி போன்ற ஸ்தாபனம் முறித்துப் பார்க்க வேண்டும். முடிவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இரண்டாவது, விலையை ஆயுட்காலத்தோடு சேர்த்து மதிப்பிட்டு, குறித்த வருஷங்களுக்கு உத்தரவாதம் வாங்க வேண்டும். மூன்றாவது, சரக்கு தேறிய 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் கேளாமலே வட்டி சேர்த்துத் தர வேண்டும். நான்காவது, கடற்கரை ஜில்லாக்களில் பருவமழைக்கு முன்பே பழுத்த கம்பங்களை இருப்பு வைக்க வேண்டும். ஐந்தாவது, புயலில் முறிந்த கம்பங்களைக் குப்பைபோல் அள்ளிப்போகாமல், சிலவற்றையாவது பிளந்து, உள்ளே என்ன இருந்தது, யார் வார்த்தது என்று அறிக்கை வெளியிட வேண்டும். ஆறாவது, கூட்டுறவுக் களங்களுக்கும் டெண்டரில் உரிய இடம் அளிக்க வேண்டும். ஜில்லாவின் கல்லும், ஜில்லாவின் உழைப்பும் சேர்ந்து ஜில்லாவின் தெருவில் நிற்பது சுதேசியத்தின் எளிய, உண்மையான உருவமாகும்.

நம் வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தர நிர்ணயத்தின்படி ஒவ்வொரு கம்பத்தின்மீதும் அதை வார்த்த மாதமும் வருஷமும், செய்தவரின் அடையாளமும், வரிசை எண்ணும், பலத்தின் அளவும் அழியாமல் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். நாளைக் காலை உங்கள் தெருக் கம்பத்தின் அருகே சென்று பாருங்கள். எழுத்து இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. அந்தத் தொகுதியின் பரீட்சை முடிவைக் கேட்க ஒரு தாளும் பத்து ரூபாயும் போதும். ஊருக்கு ஒருவர் கேட்டால் அலுவலகம் சிரிக்கும்; ஊர்தோறும் பதின்மர் கேட்டால் களத்தில் இருக்கும் மேஸ்திரி சிமெண்டை ஒழுங்காய் அளப்பான். அடுத்த ஐப்பசியும் கார்த்திகையும் வரத்தான் போகின்றன. காற்றைத் தடுக்கும் சக்தி எந்தச் சர்க்காருக்கும் இல்லை. ஆனால் அந்தக் காற்றில் நிற்கும் கம்பத்தை வாங்கும் சக்தி இருக்கிறது. அதற்குரிய பணத்தை வரியாகவும் கட்டணமாகவும் ஜனங்கள் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது ராஜத்துரோகமன்று. சுயராஜ்யத்தில் அது பிரஜையின் அன்றாடக் கடமை.